அமைதிப்படைப் பயிற்சி: சோதனை நடப்பது முள்வேலி ஓரத்தில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.நா. அமைதி காக்கும் பணிக்காக நம் படையினரும் பிற நாட்டுப் படையினரும் சேர்ந்து செய்யும் கூட்டுப் பயிற்சிகள் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. ஹெலிகாப்டரிலிருந்து கயிறு பிடித்து இறங்கும் வீரர்கள், புகை, கதவை உதைத்துத் திறந்து வீட்டுக்குள் பாயும் நாலு பேர் என்று படங்கள் வரும். 'தத்ரூபமான பயிற்சி' என்று கீழே போட்டிருப்பார்கள். அந்தப் பயிற்சியும் தேவைதான். மாலியிலும் காங்கோவிலும் நீலத் தொப்பி அணிந்த ஐ.நா. வீரர்கள் கண்ணிவெடிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் பலியாகியிருக்கிறார்கள். ஆனால் 1990களிலிருந்து அமைதிப்படைகளின் பெயரைக் கெடுத்த சம்பவங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை முகாம் வேலி ஓரத்தில், இரவு நேரத்தில், சண்டை எதுவும் இல்லாதபோது நடந்தவை. அந்த இடத்துக்கு நாம் கொடுக்கும் பயிற்சியோ, மின்விசிறிக்கு அடியில் ஸ்லைடு காட்டி முடித்துவிடும் ஒரு வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நன்றாக ஆவணமாகியிருக்கும் உதாரணம் கனடாவுடையது. 1992இல் அந்நாடு தன் ஏர்போர்ன் ரெஜிமென்ட்டை (பாராசூட் படைப்பிரிவு) சோமாலியாவுக்கு அனுப்பத் தயார் செய்தது. வடகிழக்கில் பொசாசோ துறைமுகப் பக்கம் நிவாரண விநியோகத்துக்குப் பாதுகாப்பு கொடுப்பதுதான் முதலில் போட்ட திட்டம். ஐ.நா. சாசனத்தின் 6ஆம் அத்தியாயத்தின் கீழ், உள்ளூர்த் தரப்புகளின் சம்மதத்தோடு நடக்கும் வேலை அது. டிசம்பர் 3 அன்று பாதுகாப்பு கவுன்சில் 794ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியதும் எல்லாம் தலைகீழானது. அமெரிக்கா தலைமையிலான படையோடு சேர்ந்து, 7ஆம் அத்தியாயத்தின் கீழ், பலப்பிரயோக அதிகாரத்துடன் பெலெட்வெய்ன் நகருக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. சில வாரங்களுக்குள் பணி, இடம், சட்ட அடிப்படை மூன்றும் மாறின. கையிலிருந்த பயிற்சி மட்டும் பழையதாகவே இருந்தது.

பின்னாளில் அமைந்த விசாரணைக் குழு இதைத் துருவி எடுத்தது. அந்தப் படைக்குக் கிடைத்தது பெரும்பாலும் பொதுவான போர்ப்பயிற்சி. எப்போது சுடலாம், எப்போது கூடாது என்று சொல்லும் சுடுவிதிகள், பட்டாளத்தில் ஆர்.ஓ.ஈ. என்பார்களே, அவை பயிற்சிக் காலத்தில் கைக்கே வரவில்லை. விதி தெரியாமல் விதிப்படி பழகுவது எப்படி? புறப்படும் தறுவாயில் வந்த விதியிலோ திருடனைப் பற்றித் தெளிவு இல்லை. முகாமோ பரந்தது, வேலியோ நீளமானது, வெளியே பசி. டீசலுக்கும் தண்ணீருக்கும் ஆட்கள் இரவில் நுழைந்துகொண்டே இருந்தார்கள். ஆயுதம் இல்லாத திருடன், ஓடிக்கொண்டிருக்கிறான். அவனைச் சுடலாமா? ஒவ்வொரு அதிகாரியும் ஒரு விளக்கம் சொன்னார். 1993 மார்ச் 4 அன்று இரவு, தப்பி ஓடிய இருவர் மீது சுட்டதில் ஒருவர் இறந்தார். மார்ச் 16 அன்று இரவு, ஷிடேன் அரோன் என்ற 16 வயதுச் சிறுவன் முகாம் அருகே பிடிபட்டான். கைகளைக் கட்டி, பங்கருக்குள் வைத்து, மணிக்கணக்கில் அடித்தே கொன்றார்கள். பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டவர்கள் பலர். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு. யாரும் நிறுத்தவில்லை, யாரும் மேலே சொல்லவில்லை.

அடித்தவர்களை மட்டும் பார்த்தால் 'நாலு கெட்டவர்கள்' என்று முடித்துவிடலாம். பார்த்துவிட்டுப் போனவர்களை அப்படி முடிக்க முடியாது. அவர்களில் பெரும்பாலோர் சாதாரண வீரர்கள். பதுங்குகுழி வெட்ட, பாராசூட்டில் குதிக்க, காயத்துக்குக் கட்டுப் போட எல்லாம் கற்றவர்கள். சக வீரன் தப்பு செய்யும்போது யாரிடம், எந்த வழியில், எத்தனை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குப் பழக்கவில்லை. எச்சரிக்கை முன்பே இருந்தது என்பது இன்னும் வேதனை. 1992 அக்டோபரில், கிளம்புவதற்கு முன்னால் கனடாவின் பெட்டவாவா முகாமிலேயே அந்த ரெஜிமென்ட்டின் ஒரு பிரிவில் ஒழுங்கீனம் வெடித்தது. ஒரு காரையே எரித்தார்கள். செய்தவர்கள் யார் என்று பிடிபடாமலே அந்தப் பிரிவு சோமாலியாவுக்குக் கிளம்பியது. 1995இல் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. 1997இல் வந்த விசாரணை அறிக்கையில் 160 பரிந்துரைகள் இருந்தன. கொலை வழக்கில் கடைசியில் மிகக் கடுமையான தண்டனை பெற்றது கீழ்மட்டச் சிப்பாய் ஒருவர், ஐந்தாண்டு சிறை.

அடுத்து ஹைட்டி. இது நமக்கு நெருங்கிய சங்கதி, ஏனெனில் சம்பந்தப்பட்டது இலங்கைப் படை. 2004இல் தொடங்கிய ஐ.நா. பணிக்கு இலங்கை சுமார் 950 பேரை அனுப்பியிருந்தது. 2007 நவம்பரில் 108 பேர் ஒரே மூச்சில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு அந்த எண்ணிக்கை 114 ஆனது. சிறுவர்களிடமும் சிறுமிகளிடமும் பாலியல் சுரண்டல், கிட்டத்தட்ட அந்தப் படை இருந்த எல்லா இடங்களிலும், பெரும்பாலும் இரவில் என்று ஐ.நா.வின் உள் விசாரணை சொன்னது. 2017இல் ஏ.பி. செய்தி நிறுவனம் அதே விசாரணை ஆவணங்களை வைத்து 134 பேர் மீது குற்றச்சாட்டு இருந்ததாக எழுதியது. குழந்தைகளுக்குக் கிடைத்தது பிஸ்கட், ஜூஸ், சில டாலர். யாரும் சிறைக்குப் போகவில்லை.

இதில் பயிற்சி ஆட்கள் கவனிக்க வேண்டியது 'எல்லா இடங்களிலும்' என்ற சொல். ஓரிடத்தில் நடந்தால் அது ஆள் கோளாறு. எல்லாக் காவல் நிலைகளிலும் நடந்தால், முறை மாறும்போது வெளியேறுகிறவன் உள்ளே வருகிறவனிடம் சொல்லிவிட்டுப் போகும் வழக்கமாக அது ஆகிவிட்டது என்று பொருள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஆட்கள் மாறினாலும் வழக்கம் மாறவில்லை. 2003இலேயே ஐ.நா. பொதுச்செயலாளரின் அறிவிக்கை தெளிவாக இருந்தது: 18 வயதுக்குட்பட்டவர்களுடன் எந்தப் பாலியல் தொடர்பும் கூடாது, வயது தெரியாது என்ற சாக்கு செல்லாது, பணமோ பொருளோ உணவோ கொடுத்து உறவு வைப்பது யாரோடும் கூடாது. விதி இருந்தது, வகுப்பும் நடந்திருக்கும், கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள்.

வகுப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால் வாசகர்களுக்குப் புரியும். ஐ.நா. அடிப்படைப் பயிற்சிப் பாடத்தை எல்லா நாடுகளுக்கும் தருகிறது. நடத்த வேண்டியது படையை அனுப்பும் நாடு. டெல்லியில் ஐ.நா. அமைதி காப்பு மையம் 2000இலிருந்து இயங்குகிறது. இலங்கையில் குக்குலேகங்கையிலும், நேபாளத்தில் பாஞ்ச்காலிலும், வங்கதேசத்தில் ராஜேந்திரபூரிலும் மையங்கள் உண்டு. பாடத்தில் பெரிய குறையில்லை. கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில்தான் சிக்கல். வாகனங்களுக்கு வெள்ளைப் பெயிண்ட், உபகரணப் பட்டியல் சரிபார்ப்பு, கன்டெய்னர் ஏற்றுவது, பாஸ்போர்ட், தடுப்பூசி (மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்), துப்பாக்கியின் குறி சரிபார்ப்பது, வீட்டுக்குப் போய்வர லீவு. எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது, பொருள் கையில் தெரிகிறது. நடத்தை வகுப்புக்கு மட்டும் கையில் தெரியும் பொருள் இல்லை. அதனால் நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது அதுதான். மிஞ்சுவது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில், ஆங்கில ஸ்லைடை ஒரு கேப்டன் வாசித்துக் காட்டுவார். முடிவில் படிவத்தில் கையெழுத்து. கொஞ்ச நாளில் நினைவிருப்பது கையெழுத்துப் போட்டது மட்டுமே.

(தடுப்பூசி என்றதும் ஒன்று. 2010இல் ஹைட்டியில் நேபாளப் படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததில் காலரா பரவி, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மலக்குழியை யார் திறந்து பார்க்க வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்பதையும் நடத்தைப் பாடத்தில் சேர்ப்பதே சரி.)

இதற்கு மாற்றாக எப்படிப் பழக்கலாம் என்பதைச் செய்முறையாகச் சொல்கிறோம். கம்பெனி ஒன்றுக்கு, சுமார் 120 பேருக்கு, இடைவெளியில்லாமல் 72 மணி நேரம். மூன்று இரவுகள் கட்டாயம். ஒரே இரவு என்றால் எல்லோரும் விறைப்பாக இருந்து சமாளித்துவிடுவார்கள். முதல் இரவில் தெரிவது வேஷம், மூன்றாம் இரவில்தான் ஆள் தெரிகிறான். ஊர்க்காரர்களாக நடிக்க முப்பது, முப்பத்தைந்து பேர் வேண்டும், பாதிப்பேர் பெண்கள். அவர்கள் அந்த பட்டாலியனைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. நேற்று கேன்டீனில் பார்த்த ஹவில்தார் கிழவி வேஷத்தில் வந்தால் சிரிப்புதான் மிஞ்சும். குழந்தைகளை நடிக்க அழைத்து வரவே கூடாது. சிறுவயதுக்காரர் என்று கழுத்தில் அட்டை மாட்டிய பெரியவரே போதும். நடிப்பவர்கள் பேசுவது சிப்பாய்களுக்குப் புரியாத மொழியாக இருப்பது அவசியம். வட இந்திய பட்டாலியனுக்குத் தமிழும் மலையாளமும் பேசுகிறவர்களை நிறுத்தினால் செலவில்லாமல் காரியம் முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் இருவர் மட்டுமே இருக்கட்டும். ஒருவர் நடுநடுவே சொந்தச் சரக்கைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், களத்தில் அதுதான் நடக்கும். கண்காணிப்பாளர்கள் பிளட்டூனுக்கு (கம்பெனியின் உட்பிரிவு) இரண்டு பேர், வாயில் காவலுக்குத் தனியாக மூன்று பேர், எட்டு மணி நேர முறையில்.

முக்கியமான காட்சி நடப்பது பின்பக்கக் காவல் நிலையில். இரவு ஒரு மணி முதல் மூன்று மணி வரையிலான முறை. முதல் இரவு வேலிக்கு வெளியே ஒருவர் வந்து தண்ணீர் கேட்பார். சிப்பாய் பாட்டிலைத் தூக்கிப் போடுவான், மனிதாபிமானம்தானே! இரண்டாம் இரவு அதே ஆள் இன்னொருவரோடு வந்து பிஸ்கட் கேட்பார், பதிலுக்குச் சிகரெட் நீட்டுவார். மூன்றாம் இரவு கூடவே 'சிறுமி' அட்டை மாட்டிய ஒருவர். மூன்று நாளில் கொடுக்கல் வாங்கல் எப்படி முளைக்கிறது என்பதைச் சிப்பாய் தன் கையாலேயே கண்டுகொள்வான். சரியான நடவடிக்கை எளியது. முதல் இரவிலேயே ரேடியோவில் கார்டு கமாண்டரைக் கூப்பிட வேண்டும். காவல் பதிவேட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். தண்ணீர் விநியோகம் பகலில் முன்வாயிலில், நிவாரண அமைப்பு மூலம் நடக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். வேலி வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்ற விதி கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஹைட்டிப் பிஸ்கட்டை நினைத்துக்கொண்டால் தோன்றாது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி விமான நிலைய அகதி முகாமில் பசியோடிருந்த சிறுவர்களுக்கு ராணுவ உணவுப் பொட்டலம் கொடுத்தே பாலியல் கொடுமை நடந்ததாக பிரெஞ்சுப் படையினர் மீது புகார் எழுந்தது. அந்த வழக்கு பிரான்சில் நிற்கவில்லை. ஆனால் புகார் வந்த விதத்தை ஐ.நா. அலுவலகங்கள் எவ்வளவு மோசமாகக் கையாண்டன என்று 2015 டிசம்பரில் ஒரு சுயேச்சைக் குழு விரிவாகவே எழுதியது.

இதோடு பின்னிய இன்னொரு இழை உண்டு. இரண்டாம் இரவு, கண்காணிப்பாளர் ஏற்பாட்டின்படி ஒரு சீனியர் சிப்பாய் காவல் நிலைக்கு வந்து, "அரை மணி நேரம் வெளியே போய் வரேன்டா, புக்ல எழுதாதே" என்பான். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்புவான். நாம் மதிப்பெண் போடுவது போனவனுக்கு இல்லை, காவலில் நின்றவனுக்கு. எழுதினானா, அழைத்தானா? பெரும்பாலோர் எழுத மாட்டார்கள். காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் பட்டாளத்தில் சாகும்வரை போகாது. அதனால் காவலில் நின்றவனோடு பயிற்சியை முடிக்கக் கூடாது. எழுதியிருந்தால் காலையில் பதிவேடு கம்பெனி கமாண்டர் மேஜைக்கு வரும். 01.40 முதல் 02.20 வரை ஆள் இல்லை என்று வரி இருக்கிறது. மேஜர் என்ன செய்கிறார்? பட்டாலியனுக்கு உடனே சொல்கிறாரா, சுபேதாரைக் கூப்பிட்டுப் 'பேசி முடிக்க'ச் சொல்கிறாரா, அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதச் சொல்கிறாரா? மூன்றையும் எதிர்பார்க்கலாம். வழக்கமான பயிற்சிகளில் கமாண்டர் மதிப்பீட்டுக்கு வெளியே நிற்பார், அவர்தானே பயிற்சி நடத்துகிறவர்! அமைதிப்படைப் பயிற்சியில் முதல் மதிப்பெண் அவருக்குத்தான் போட வேண்டும். அதனால் கண்காணிப்புக் குழுத் தலைவர் வேறு பிரிகேடிலிருந்து வர வேண்டும், கமாண்டரைவிட ஒரு பதவியாவது மேலே.

அடுத்தது பிடிபட்ட திருடன். இரவு பத்து மணிக்கு டீசல் கேனோடு ஒருவர் பிடிபடுகிறார். பிடித்தவர்களே அவரைக் காவல் காக்கக் கூடாது. அவர்களுக்கு ரத்தம் சூடாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் வேறு ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டும். சோதனை போடுவது இரண்டு பேர். பெண் என்றால் பெண் சிப்பாய். இங்கே பல படைகள் மாட்டிக்கொள்ளும், ஏனெனில் காவல் முறையில் பெண்களே இருக்க மாட்டார்கள். லைபீரியாவில் 2007 முதல் இருந்த நம் மத்திய ரிசர்வ் போலீஸ் மகளிர் அணி இதில் உலகத்துக்கே முன்மாதிரி, ஆனால் ராணுவ பட்டாலியன்களில் அந்த எண்ணிக்கை இல்லை. பிளாஸ்டிக் விலங்குக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். கால் மணிக்கு ஒரு முறை விரல் நிறம் பார்க்க வேண்டும். தலையில் சாக்கு மாட்டக் கூடாது. வைக்கும் இடம் வெளிச்சமாக, வெளியிலிருந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். உள்ளே போகும்போதும் வெளியே அனுப்பும்போதும் மருத்துவர் பார்த்து எழுத வேண்டும். முக்கியமாக, அந்த இடத்துக்குள் கால் வைக்கும் ஒவ்வொருவரும் பெயர், நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், கர்னலாக இருந்தாலும். பெலெட்வெய்ன் பங்கர் வாசலில் அப்படி ஒரு நோட்டும் அதைக் காக்க லான்ஸ் நாயக் போன்ற கீழ்நிலைப் பதவிக்காரர் ஒருவரும் இருந்திருந்தால், வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போயிருப்பார்கள்.

பயிற்சி கெட்டுப்போகும் விதங்களும் உண்டு. பெரிய தொல்லை பயிற்சியாளர்களின் ஆசை. மூன்று நாள் வேலி, பதிவேடு, தண்ணீர் என்றே போனால் அவர்களுக்குச் சப்பென்று இருக்கும். கடைசி நாள் கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் ஏ.கே.47 எடுத்துச் சுடுவான், பட்டாசு வெடிக்கும், எல்லோருக்கும் திருப்தி. விளைவு? கூட்டம் என்றால் உள்ளே துப்பாக்கி இருக்கும் என்று சிப்பாயின் உடம்பு கற்றுக்கொள்கிறது. பத்துக் கூட்டத்தில் ஒன்பது சுமுகமாகக் கலைந்துபோக வேண்டும், அப்படித்தான் காட்சி எழுத வேண்டும். இன்னொன்று, தணிக்கைத் தாள். 'பதிவேடு பராமரிக்கப்பட்டதா: ஆம்' என்று டிக் அடிப்பதோடு முடிந்தால் பயனில்லை, பதிவேட்டையே இணைக்கச் சொல்ல வேண்டும். காட்சி முடிந்ததும் நடக்கும் கலந்தாய்வில் கடைநிலைச் சிப்பாய் முதலில் பேச வேண்டும். கர்னல் முதலில் பேசினால் மற்றவர்கள் 'யெஸ் சார்' மட்டும் சொல்வார்கள்.

தத்ரூபம் என்ற பெயரில் பயிற்சியே கொடுமையாவதும் உண்டு. ஜெர்மனியின் கோஸ்ஃபெல்ட் முகாமில் 2004இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களை இரவு நடைப்பயிற்சியில் மறித்து, பணயக்கைதிகளைப் போலக் கட்டி, கண்ணை மூடி, தண்ணீர் பீய்ச்சி, சிலருக்குக் களத் தொலைபேசியின் டைனமோவால் மின்சார அதிர்ச்சியும் கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பணிக்குத் தயார் செய்வதாகச் சொன்னார்கள். பணயக்கைதிப் பயிற்சி வெளிநாடு செல்பவர்களுக்கு, அதற்கென்று பயின்றவர்கள் மட்டும் நடத்த வேண்டியது; அடிப்படைப் பயிற்சியில் அதற்கு இடமே இல்லை. நிறுத்த வேண்டுமானால் சொல்ல ஒரு சங்கேதச் சொல்லும் இருந்ததாம். அணியே பார்த்துக்கொண்டிருக்கும்போது பத்தொன்பது வயதுப் பையன் எப்படிச் சொல்வான்? 2007இல் மூன்ஸ்டர் நீதிமன்றத்தில் 18 பயிற்சியாளர்கள் மீது வழக்கு தொடங்கியது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: அதிகாரபூர்வப் பாடத்திட்டத்தில் இல்லாத காட்சியை யாரும் சேர்க்கக் கூடாது. நிறுத்தும் அதிகாரம் பயிற்சி பெறுபவனிடம் மட்டும் இல்லாமல், மருத்துவரிடமும் வெளிக் கண்காணிப்பாளரிடமும் இருக்க வேண்டும். வெற்றுத் தோட்டாவாக இருந்தாலும் ஆறேழு மீட்டருக்குள் முகத்தை நோக்கிச் சுடக் கூடாது. நிஜத் தோட்டா ஒன்றுகூடப் பயிற்சி வளாகத்துக்குள் இல்லை என்று ஒவ்வொரு மேகசீனையும் கையால் தடவிப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கைதியாக நடிப்பவரைச் சிப்பாய் உண்மையிலேயே அடித்தால், அது பயிற்சித் தவறு என்று சமாளிக்காமல் அந்த ஆளின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். இந்தப் பயிற்சியின் பெரிய பயனே அதுதான், போகக் கூடாதவன் யார் என்று போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

தமிழ் வாசகர்களுக்கு 'அமைதிப்படை' என்றாலே 1987தான் நினைவுக்கு வரும். அது ஐ.நா. பணி இல்லை, இருநாட்டு ஒப்பந்தத்தின் பேரில் போன இந்தியப் படை. ஆனால் சோமாலியாவில் கண்ட கோளாறு அங்கேயும் இருந்தது. ஜூலை 29 ஒப்பந்தம், மறுநாளிலிருந்து படை இறக்கம், ஆயுத ஒப்படைப்பை மேற்பார்வையிடும் வேலை. அக்டோபர் 10 வாக்கில் அதே படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போர் புரிந்தது. பத்து வாரத்தில் வேலை தலைகீழ். நல்ல வரைபடம்கூடப் போதிய அளவில் இல்லை என்று அதில் பணியாற்றிய அதிகாரிகளே எழுதியிருக்கிறார்கள். அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள் என்பது ராணுவத் தரப்பு, உயிர் தப்பியவர்கள் சொல்வது வேறு. பகிரங்கமான விசாரணை இன்றுவரை இல்லை. மருத்துவமனை வளாகத்திலிருந்து துப்பாக்கிச் சூடு வருகிறது, உள்ளே நோயாளிகள் இருக்கிறார்கள், இப்போது என்ன செய்வது என்ற காட்சி எந்த அமைதிப்படைப் பயிற்சியிலும் கட்டாயம் இருக்க வேண்டும். சுடுவிதி நடுவழியில் மாறும் காட்சியும் வேண்டும். பயிற்சியின் இரண்டாம் நாள் நண்பகலில் புதிய விதி வந்து சேரட்டும். பிளட்டூன் கமாண்டருக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து, மாலையில் எந்தச் சிப்பாயையும் கூப்பிட்டுக் கேட்டால் புதிய விதியை அவன் தாய்மொழியில் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பயிற்சியால் எல்லாம் தீரும் என்று நாங்கள் சொல்லவில்லை. முந்தைய போர்க்காலத்தில் மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு உள்ளவரை எந்த வகுப்பும் கழுவிவிடாது. மாலியில் இலங்கைப் படைப்பிரிவின் கமாண்டரை 2018இல் ஐ.நா. திருப்பி அனுப்பச் சொன்னதும், 2019இல் இலங்கை ராணுவத் தளபதி நியமனத்துக்குப் பிறகு அந்நாட்டுத் தரைப்படையின் புதிய அனுப்பீடுகளை நிறுத்தியதும் இதனால்தான். பணமும் குறுக்கே நிற்கிறது. ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் ஐ.நா. அந்த நாட்டு அரசுக்குத் தருகிறது. தெற்காசியப் படைகளில் அமைதிப்பணி என்பது எல்லோரும் எதிர்பார்த்திருக்கும் பரிசு. புகார் வெளியே வந்தால் பட்டாலியனுக்கு அடுத்த முறை கிடைக்காது என்ற பயம் கமாண்டரின் வாயை அடைக்கிறது. 2016 மார்ச்சில் பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 2272ஆம் தீர்மானம் முழுப் படைப்பிரிவையே திருப்பி அனுப்ப வழி செய்தது. நல்ல தீர்மானம்தான், ஆனால் மறைப்பவரையும் தானே முன்வந்து சொல்பவரையும் ஒரே தராசில் வைத்தால் மறைப்பதுதான் லாபம் என்றாகும். தானாகப் புகார் அனுப்பிய கமாண்டரைப் பற்றி மேலதிகாரி எழுதும் ரகசியப் பணி மதிப்பீட்டு அறிக்கையில் அது பாராட்டாகப் பதிவாக வேண்டும்.

கடைசியாக, சம்பவம் நடந்த பிறகு. குற்றம் செய்த சிப்பாயை விசாரித்துத் தண்டிக்கும் உரிமை அவன் நாட்டுக்கு மட்டுமே. 2007இல் திருத்திய மாதிரி ஒப்பந்தப்படி, புகார் பற்றி ஐ.நா. அறிவித்த 10 வேலை நாளுக்குள் தானே விசாரிக்கப்போகிறதா என்று அந்த நாடு சொல்ல வேண்டும். ஆனால் சாட்சியம் பாழாவது முதல் 24 மணி நேரத்தில். சந்தேக நபர்களைப் பிரித்து வைக்காமல் ஒரே கூடாரத்தில் படுக்கவிட்டால் காலையில் எல்லோரும் ஒரே கதை சொல்வார்கள். செல்போனை உறையிலிட்டு முத்திரை வைக்க வேண்டும், காவல் முறைப் பட்டியலின் மூலப்பிரதியைக் கைப்பற்ற வேண்டும், பாதிக்கப்பட்ட குழந்தையை ஆளாளுக்குக் கேள்வி கேட்காமல் பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஒரே முறை பேசவிட வேண்டும். இதையும் அந்த 72 மணி நேரத்தில் ஒரு காட்சியாக வைக்கலாம். கோர்ட் மார்ஷலை (ராணுவ நீதிமன்ற விசாரணை) சம்பவம் நடந்த நாட்டிலேயே நடத்துவது சாத்தியம். 2012இல் ஹைட்டியில் ஒரு சிறுவனைப் பாலியல் வன்கொடுமை செய்த தன் போலீஸார் இருவரைப் பாகிஸ்தான் அங்கேயே ராணுவத் தீர்ப்பாயத்தில் நிறுத்தியது. கிடைத்த ஓராண்டுத் தண்டனை மிகக் குறைவு, ஆனால் சாட்சிகள் ஏழு கடல் தாண்டி வர வேண்டியிருக்கவில்லை.

புகாருக்குள்ளான படையினர் எந்த நாட்டவர் என்பதை ஐ.நா. 2016 முதல் தன் ஆண்டறிக்கையில் வெளியிடுகிறது. அதில் பல நாடுகளுக்கு நேரே 'நிலுவை' என்ற ஒரே சொல் வருடக்கணக்கில் நிற்கிறது. நம் பாதுகாப்பு அமைச்சகம் ஆண்டுக்கு ஒரு முறை, பாதிக்கப்பட்டவர் அடையாளம் தெரியாத வகையில், எத்தனை புகார் வந்தது, எத்தனை கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவத்தின் உள் விசாரணை) நடந்தது, என்ன தண்டனை என்று நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்கலாம். ரகசியம் எதுவும் கசியாது. தமிழக உறுப்பினர்கள் எவரேனும் அடுத்த கூட்டத்தொடரில் எழுத்துமூலக் கேள்வியாக இதைக் கேட்டால், குறைந்தது எண்ணிக்கையாவது அவைக்குறிப்பில் ஏறும்.

இப்படிக்கு,
ராணுவப் பயிற்சிப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.